முன்வாசல் வழியாக வந்த குளோத்தில்

குளோத்தில் ஒரு வீட்டின் முன்வாசல் வழியாக முதன்முதலில் நுழைந்தது 1934 டிசம்பரில். அப்போது அவள் செத்து எழுபத்தாறு வருடமாகியிருந்தது. லூயிசியானாவில் ரத்தம் குடிப்பவர்கள் யாராவது அழைத்தால்தான் நிலைப்படியைத் தாண்ட முடியும். எந்தக் கதவில் அழைத்தார்களோ அந்தக் கதவுக்கு மட்டும்தான் அழைப்பு செல்லும். ஆற்றங்கரை மாளிகையின் வெள்ளைக்கார ரத்தக்குடியர்கள், தங்கள் அடிமையாக இருந்த குளோத்திலைக் கடித்துத் தங்களைப் போலவே ஆக்கிய பிறகும், அடுக்களைக் கதவில்தான் அவளை அழைத்தார்கள். ஆகவே சாவே இல்லாத அந்த வாழ்வு முழுவதும் அவர்களுடைய சவப்பெட்டிகளைத் துடைத்தபடி பின்கட்டில் கழிந்தது.

அந்த டிசம்பரில் ஓர் இரவு அவள் கிளம்பி நடந்துவிட்டாள். விடிவதற்குள் ஒரு கூரை கிடைக்காவிட்டால் வெயில் பட்டுச் சாம்பல்தான். கறுப்பர் குடியிருப்பில் தியோஜீன் கில்லரியின் முற்றத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. அன்று பன்றி அடிக்கும் நாள். தூரத்துச் சொந்தமெல்லாம் இருட்டோடு வந்து சேரும். தியோஜீன் வாளி ரத்தத்தில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான். கை நின்றால் ரத்தம் உறைந்துவிடும், பிறகு ரத்தத் தொத்திறைச்சிக்குக் குடலில் அடைக்க முடியாது. அதனால் கலக்குபவன் தலை நிமிர்வதில்லை. காலடி கேட்டதும் பெரியப்பா மகள்களில் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டான்.

"வேலை முடியற நேரத்துக்கு வர்றதுதானே உங்க வீட்டு வழக்கம். உள்ள போய்ப் பெரிய சட்டிய எடு."

"எந்தக் கதவு வழியா?" என்றாள் குளோத்தில்.

"நல்லா கேட்ட போ. முன்வாசல் எதுக்கு இருக்கு? எல்லாக் கதவு வழியாவும் வா."

அவள் போனாள், நிலைப்படி தடுக்கவில்லை. வெயில் ஏறியும் சட்டியோடு கதவுக்குள்ளேயே நின்றவளைப் பார்த்த பிறகுதான் தியோஜீனுக்கு விஷயம் புரிந்தது. கூப்பிட்டது கூப்பிட்டதுதான் என்று வாளி ரத்தத்தில் முதல் கிண்ணத்தை அவளிடமே நீட்டினான்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் மாளிகைக்காரர் படியேறி வந்து, "எங்க வேலைக்காரிய வெளிய அனுப்பு" என்றார். உள்ளே குளோத்திலின் கை நின்றது. தியோஜீனின் மனைவி அஸெலி கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"வேலைக்காரின்னு இங்க யாரும் இல்லைங்க ஐயா. என் நாத்தனார் இருக்கா. குடல் கழுவிட்டிருக்கா."

அவர் காலைத் தூக்கினார். யாரும் உள்ளே அழைக்காததால் கால் நிலைப்படிக்கு மேலே அந்தரத்திலேயே நின்றது. பதினோரு மாலைகள் வந்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

குளோத்திலுக்காகக் குடும்பப் புகைப்படம் எடுப்பதை மதியத்திலிருந்து அந்திக்கு மாற்றினார்கள். ரத்தம் குடிப்பவர்களின் உருவம் படத்தில் விழாது; ஆண்டுதோறும் படத்தில் தியோஜீனுக்கும் அஸெலிக்கும் நடுவில் அவளுடைய கவுன் மட்டும் கிண்ணத்தோடு நிற்கும்.

"இந்தத் தடவையும் கண்ண மூடிட்டா," என்பாள் அஸெலி. பிறகு படத்தை முன்வாசலுக்குப் பக்கத்தில் மாட்டுவாள்.