நாலாயிரத்து முந்நூறு ரூபாய்க் கழிவு

1

ஒரு மனிதனின் நல்ல பெயருக்கு நாமக்கல்லில் விலை நாலாயிரத்து முந்நூறு ரூபாய். அந்த விலையை வைத்தது யாரென்று பிறகு சொல்கிறேன். (சரக்கை உடனே விரித்துக் காட்டக் கூடாது.)

இந்தக் கதை பிறந்தது ஒரு தாளில். முட்டை வியாபாரி அருணகிரி வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினார் என்று வங்கிகளுக்குச் சொல்லும் கடன் அறிக்கை அது. அவர் மகள் கனிஷ்காவுக்குச் சேலத்தில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. இருபதாம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். கல்விக்கடன் கேட்டுப் போனால், வங்கி மேனேஜர் அந்தத் தாளில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்: 'வண்டிக் கடன் – முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தது.'

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஓர் எளிய மனிதனின் பெயரை ஈவிரக்கமற்ற கணினி ஒன்று'

வேண்டாம். கணினி பொய் சொல்லவில்லை.

அடுத்த தொடக்கம்: 'தாமதக் கட்டணத்தோடு சேர்ந்த கடைசிப் பாக்கியைக் குறைக்கச் சொல்லி, அருணகிரியோடு ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போன நண்பர் ஒருவர்'

நண்பர் என்ன நண்பர். நான்தான். எங்கள் பக்கம் எந்தக் கணக்கையும் கழிவு கேட்காமல் முடித்தால் ஏமாளி என்பார்கள். அரைமணி நேரம் பேசினேன், நாலாயிரத்து முந்நூறைக் குறைத்தார்கள். பேசி முடித்தவனுக்கு வழக்கப்படி முந்நூறு ரூபாய், மேலே ஒரு பிரியாணி.

3

'அவர்களே மனமொப்பிக் கொடுத்த கழிவு' என்று கடன் அறிக்கை தயாரிக்கும் அலுவலகத்துக்கு ஆட்சேபம் எழுதிப் போட்டதும் நான்தான். பதில் வந்தது: 'விவரம் சரியானது. மாற்றமில்லை.'

அருணகிரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிரிச்சுக்கிட்டுத்தானே மாப்ள கொறைச்சாங்க? டீ வேற வாங்கிக் குடுத்தாங்க. அப்ப நான் ஆரை ஏமாத்துனேன்?"

(இந்த இடத்தில் ஆசிரியர் தெளிவாக ஏதாவது சொல்ல வேண்டும். நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன். கொடுத்தவன் சிரித்தான், வாங்கியவன் சிரித்தான். குற்றம் எங்கே நுழைந்தது?)

4

கம்பெனிக்கே போனோம். கவுன்டரில் சரிதா என்ற பெண்.

"கொறைச்ச தொகையைக் கட்டிட்டீங்கன்னா, பாக்கியில்லைன்னு லெட்டர் குடுத்தர்றோமுங்க. அறிக்கைல மாற ஒரு மாசம் ஆகுமுங்க."

அருணகிரி நாலாயிரத்து முந்நூறை எண்ணி வைத்தார். என் வாய் தானாகத் திறந்தது: "ரவுண்டா நாலாயிரம்னு வெச்சுக்கலாமுங்களா?"

சரிதா பேனாவைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, அந்த வரி உழுந்ததே இதுனாலதானுங்க!"

"மாப்ள," என்றார் அருணகிரி, "நீ வெளிய போய் நில்லு."

5

கடிதம் கைக்கு வந்துவிட்டது. தேதி பதினேழு.

முடிவு அ: மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

முடிவு ஆ: அறிக்கை மாறிய பிறகு வரச் சொல்கிறார். அதற்குள் சீட் வேறு யாருக்கோ

எதை வைப்பது என்று கனிஷ்காவிடமே கேட்டேன். "கதையை எப்படி வேணா முடிங்க மாமா. நாளைக்கு பேங்குக்கு மட்டும் நீங்க வராதீங்க."

அதனால் நாளை அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. மேனேஜர் நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். கடிதம் உங்கள் மேசையில் இருக்கிறது. என் கையில் இருப்பது இந்தக் கணக்கு மட்டும்:

கழிவாக வாங்கியது 4,300. திருப்பிக் கட்டியது 4,300. நேர்.

கனிஷ்காவின் சீட்: உங்களிடம்.

நான் அருணகிரிக்குத் தர வேண்டியது: ரூபாய் 300, பிரியாணி ஒன்று. கழிவு கேட்க மாட்டேன்.