பட்டிக்குள் ஒரு வியாழக்கிழமை

ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்ப நோகாயா சிவப்பு ரவிக்கையின் மேல் வெள்ளைக் காலரைப் பொருத்திக்கொண்டிருந்தபோது மாமனார் ஒரே ஒரு முறை கத்தினார். அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை.

வெளியே ஓரகத்தி நோபாந்து மக்காச்சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கை நின்றது.

"மாட்டுப்பட்டியிலேர்ந்துதான்" என்றாள்.

இருவரும் ஓடினார்கள். ஓடும்போதும் கால்கள் பழக்கத்தை விடவில்லை. குடிசைகளுக்கும் பட்டிக்கும் நடுவில் இருந்த முற்றத்தில் மருமகள்கள் கால் வைப்பதில்லை. குடிசைகளின் பின்னால் சுற்றிக்கொண்டு, முள்வேலியோரமாக வந்து, பட்டியின் வாயிலில் நின்றார்கள். அதற்கு மேல் முன்னோர்கள் இருக்கும் இடம் என்று எந்தப் பெண்ணும் போனதில்லை. சில வீடுகளில் வயதான பெண்களுக்கு விதிவிலக்கு உண்டு. இந்த வீட்டில் அதுவும் கிடையாது.

மாமனார் பட்டியின் நடுவில் மல்லாந்து கிடந்தார். நொண்டிக் காளை மூலையில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் ஒரு கொம்பு நனைந்திருந்தது. மற்ற மாடுகளையெல்லாம் உண்ணி மருந்துத் தொட்டியில் இறக்குவதற்காக விடியுமுன்பே ஊர் ஆண்களும் வீட்டுப் பிள்ளைகளும் ஓட்டிப் போயிருந்தார்கள். குளம்பில் முள் எடுக்க வேண்டுமென்று இந்த ஒன்றை மட்டும் அவர் நிறுத்திக்கொண்டார். மாமியார் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். நோபாந்துவின் கணவன் ஜொஹானஸ்பர்க் சுரங்கத்தில். நோகாயாவின் கணவன் மொங்கேஸி, சபையின் உபதேசியார், குதிரையேறி ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊர்களுக்குப் போய் ஆறு நாள் ஆகிறது. இன்றோ நாளையோ திரும்ப வேண்டும்.

தொடையின் உள்பக்கம் கிழிந்திருந்தது. ரத்தம் வழியவில்லை. விட்டு விட்டுத் துள்ளி வந்தது. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள் நோகாயா. அப்படித் துள்ளும் ரத்தத்துக்கு எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியும்.

"மாமா, கையால அமுக்குங்க. இன்னும் மேல. இடுக்குல."

அவர் அமுக்கினார். கை வழுக்கி விழுந்தது.

"நான் ஓடிப்போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன்" என்றாள் நோபாந்து.

"தொட்டிக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும்கா?"

"உச்சி வெயில் ஆயிடும்."

"அவருக்கு அவ்வளவு நேரம் இல்லக்கா."

நோபாந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்கு? உள்ள போகப் போறியா? வெறும் சாணி, வெறும் மண்ணுன்னு உன் புருஷன் ஞாயித்துக்கிழமை பேசுவாரு. பேச்சுக்கு என்ன. நீ கால் வச்சுப் பாரு, அப்பத் தெரியும்."

மொங்கேஸி அதைச் சொன்ன ஒவ்வொரு ஞாயிறும் நோகாயா ஆமென் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் மூன்று வருஷமாகக் குடிசைகளின் பின்னால்தான் சுற்றி நடந்தாள். இப்போது உள்ளே போய், அவர் இறந்தும் போனால், அவள் கால் பட்டதால்தான் போனார் என்பார்கள். இந்த வருஷம் எந்தப் பசுவுக்குக் கரு கலைந்தாலும் பழி அவள் மேல்தான். ஆற்றின் இந்தப் பக்கம் பிறகு ஒருவரும் சபைக்கு வரமாட்டார்கள். எல்லாம் அவளுக்கு ஒரே கணத்தில் தெரிந்தது. இதற்குள் ரத்தம் இன்னும் நாலு தடவை துள்ளிவிட்டது.

"நீ ஓடுக்கா" என்றாள். நோபாந்து பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

நோகாயா வாயிலின் குறுக்குக் கம்பைப் பிடித்தாள்.

"வராத" என்றார் மாமனார்.

இத்தனை நாளில் அவர் நேராக அவளிடம் பேசிய முதல் சொல் அது. எது வேண்டுமானாலும் பேரப்பிள்ளைகள் மூலம்தான் வரும். அவள் கம்பை விட்டாள். பிறகு மறுபடி பிடித்தாள்.

"மாமா, நீங்க சொன்னா நிக்கறேன். ஆனா நான் நின்னா நீங்க போயிடுவீங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பட்டியின் கற்சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பினார்.

பேச ஆரம்பித்தார். அவளிடம் இல்லை. தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். அவருடைய அப்பாவின் பெயர். அதற்கும் முன்னால். எந்த மலையிலிருந்து வந்தார்கள், எந்த ஆற்றை எந்த மாட்டின் வாலைப் பிடித்துக் கடந்தார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி இருந்தது. மருமகள்கள் வாயில் வரக்கூடாத பெயர்கள், காதிலும் அதுவரை விழாத பெயர்கள். அவர் குரல் மெலிந்துகொண்டே போனது, ஆனால் ஒரு பெயரைக்கூட விழுங்கவில்லை.

"ராடேபே வம்சத்துப் பெரியவங்களே" என்றார். "இவ நம்ம வீட்டுப் பொண்ணு. நான்தான் கூப்பிடறேன். நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தோளிலிருந்த கம்பளியை உருவி, கை எட்டுகிற வரைக்கும் வாயில் பக்கமாக விரித்துத் தள்ளினார்.

மிஷனில் வாங்கிய சப்பாத்துகளை அவள் ஏன் கழற்றினாள் என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை. கம்பளி வரை நாலைந்து அடி வெறுந்தரை. வைத்த காலின் கீழே அது வெதுவெதுப்பாக இருந்தது. சாணி அப்படித்தான், உள்ளுக்குள் சூடு வைத்திருக்கும். அவளுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. காளை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

கம்பளியில் மண்டியிட்டாள். மாமனார் எதிரே தலை திறக்கக் கூடாது. தலைத்துணியை அவிழ்த்துச் சுருட்டிக் காயத்துக்குள் திணித்தாள். தொடக் கூடாதவர். இடுக்கில் முஷ்டியை வைத்து முழு எடையையும் இறக்கினாள்.

"மன்னிச்சிடுங்க மாமா."

"அமுக்கு" என்றார் அவர்.

ரத்தம் ஒருமுறை துள்ளியது. இன்னொருமுறை, சோம்பலாக. பிறகு நின்றது. முஷ்டிக்குக் கீழே அவருடைய நாடி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆயிரம் தடவை எண்ணிய நாடிதான். இன்று அவள் எண்ண மறந்தாள்.

கையை எடுக்க முடியாது. ஆட்கள் வரும்வரை இப்படியேதான்.

வெயில் வேலிக்கு மேல் ஏறியது. கொஞ்சம் கழித்து அவர் கண் திறந்தார்.

"கை நல்ல கனமா இருக்கு."

"மக்காச்சோளம் இடிக்கிற கை மாமா."

"நோபாந்துதான் இடிக்கறா. நான் பாக்கறேன்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"உன் முழங்காலுக்குக் கீழ தானியக் குழி" என்றார். "அதைத் தாண்டி, அந்தச் சுவரோரம், எங்கப்பா. அவருக்குப் பக்கத்துல அவரோட அப்பா."

அவள் சுவரைப் பார்த்தாள். கற்களின் மேல் ஓணான் ஒன்று வெயில் காய்ந்தது. வேறு ஒன்றுமில்லை. ஆனாலும், எல்லோரும் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருக்கும்போது தாமதமாகக் கோயிலுக்குள் நுழைந்தவள் போல இருந்தது அவளுக்கு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் இருந்தார்கள்.

"உதடு அசையுது" என்றார் அவர். "உன் சாமியைக் கும்பிடறியா?"

"ஆமா மாமா."

"வாயை விட்டுச் சொல்லு. இங்க இருக்கறவங்களும் கேக்கட்டும். உன் புருஷன் மாதிரி கத்த மட்டும் வேணாம். கடவுள் ஏதோ ரொம்பத் தூரத்துல இருக்கறதா அவனுக்கு நெனப்பு."

அவள் சொன்னாள். மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல. நடுவில் அவர் மறுபடி பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். அவள் நிறுத்தவில்லை, அவரும் நிறுத்தவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே முணுமுணுப்பாக, மழைக்கு முன் புல்வெளியில் வருமே, அந்தச் சத்தம் போல இருந்தது. தான் யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்குக் குழப்பம் இருக்கவில்லை. எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. தோள் மரத்துப் போனது. அவர் பெயர்கள் ஓயும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நின்றது. முஷ்டிக்குக் கீழே நாடி தட்டியதும் மூச்சு விட்டாள்.

உச்சிக்கு முன்பே குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. வழியில் நோபாந்து மொங்கேஸியைப் பார்த்திருக்க வேண்டும். குதிரையிலிருந்து குதித்து அவனும், பின்னால் நான்கு ஆண்களும் ஓடி வந்தார்கள். முற்றத்தின் குறுக்கே நேராக வந்தவர்கள் பட்டி வாயிலில் அப்படியே நின்றார்கள்.

மொங்கேஸி இந்தப் பட்டிக்குள் தவழ்ந்து வளர்ந்தவன். இதில் ஒன்றுமில்லை என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவன். கம்பளியின் மேல் தலை திறந்து, தன் அப்பாவின் உயிரை முஷ்டியில் பிடித்தபடி இருந்த மனைவியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். மற்றவர்களும் கழற்றினார்கள்.

யாரும் உள்ளே வரவில்லை. ஒருவர், அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கனைப்பது போல, மெல்லக் கனைத்தார்.

நோகாயாவுக்குப் புரியவில்லை. மாமனாரைப் பார்த்தாள். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"உன்னைத்தான் பாக்கறாங்க" என்றார்.

அவள் வாயில் பக்கம் திரும்பினாள்.

"உள்ள வாங்க" என்றாள்.

அவர்கள் குனிந்து, ஒருவர் பின் ஒருவராக, கம்பளியின் ஓரத்தை மிதிக்காமல் உள்ளே வந்தார்கள்.