ஒன்றரை மில்லிமீட்டர்

என் நாட்குறிப்பில் 1966 ஜூலை மூன்றாம் தேதிக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு வரி இருக்கிறது: "டாக்டர் தவறு செய்துவிட்டார். ஆதாரம் என்னிடம் உள்ளது." அப்போது நான் மெஷின் டிராயிங் மாலை வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

என் அப்பா, நைனா, மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்ததில் கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருந்த வட்டு பிதுங்கி, வலது கை மரத்துப்போனது. மெட்ராஸில் அந்த வட்டை எடுத்துவிட்டு, அவருடைய இடுப்பெலும்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி அங்கே வைத்தார்கள். டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். துண்டு உயரமாக இருந்தால் பின்பக்க மூட்டுகள் இழுபடும், மேலும் கீழும் உள்ள வட்டுகளின் மேல் பாரம் ஏறும். குட்டையாக இருந்தால் கழுத்து முன்னால் சரியும்.

"உங்க அப்பாவுக்கு ஏழு மில்லிமீட்டர். சரியா உட்கார்ந்திருக்கு" என்றார். ஜூலை நாலாம் தேதி கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடலாம் என்று எழுதியும் கொடுத்தார்.

நைனா அந்தத் தேதிக்காகவே உட்கார்ந்திருந்தார். பட்டை தாடையைத் தூக்கிப் பிடித்ததால் அவர் கண்ணுக்கு ராஜகிரி மலை உச்சிதான் தெரியும், தரை தெரியாது. "எறும்பு இருக்குதா, புழு இருக்குதான்னு பாக்காம எப்டிடா கால வெக்கிறது?" என்று கேட்பார். நாங்கள் சமணர்கள், எறும்பைக்கூட மிதிக்கக் கூடாது. நாலு வீடு தள்ளியிருக்கும் எங்கள் கோயிலான ஜினாலயத்துக்குக்கூட மூன்று மாதமாகப் போகவில்லை.

மூன்றாம் தேதி நான் எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் பிடித்து ஸ்கேலால் அளந்தேன். எலும்புத் துண்டு எட்டரை. மறுபடி அளந்தேன். எட்டரைதான்.

"நைனா, பட்டையக் கழட்டாதீங்க. ஒன்றரை மில்லிமீட்டர் அதிகமா வெச்சிட்டாங்க."

"நல்லா பாத்தியா மல்லி?"

"ரெண்டு தடவ."

பட்டையைக் கழற்றாமல் விட்டார். படித்த பிள்ளை என்று நம்பினார்.

டாக்டருக்கு நான்கு பக்கக் கடிதம், எக்ஸ்ரேயைப் பார்த்து நான் வரைந்த படத்தோடு அனுப்பினேன். பதில் வரவில்லை. அதையும் குற்ற ஒப்புதல் என்றே குறித்துக்கொண்டேன். நைனாவின் கெண்டைக்கால் சதை வற்றிக்கொண்டே வந்தது. அதை நான் அளக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போக வேண்டும். கூப்பிட வந்த அம்மா, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, ரெண்டு உருண்டை?"

"நைனாவோட கடுக்கன்மா. கழட்ட வரலன்னு அப்டியே எடுத்துட்டாங்க."

"இவ்ளோ பெருசாவா? கல்யாணத்துல எங்கப்பா போட்ட கடுக்கன், எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரில சோறு போட்டு வளத்தாங்களா?"

ஸ்கேலோடு நைனாவின் காதுக்கு ஓடினேன். கடுக்கன் ஆறு மில்லிமீட்டர். படத்தில் ஒன்று ஏழு, மற்றது ஏழரைக்குச் சற்று அதிகம். எக்ஸ்ரே வெறும் நிழல். படத்தகட்டிலிருந்து விலகி நிற்பது பெரிதாக விழும். கழுத்து இரண்டு காதுக்கும் நடுவில் இருக்கிறது. கணக்குப் போட்டேன். எட்டரை, ஏழாகச் சுருங்கியது.

படம் அசலைப்போல் எத்தனை மடங்கு என்ற அளவு விகிதத்தை எழுத மறப்பதற்காக, வகுப்பில் இளையபெருமாள் சார் வாராவாரம் எனக்கு இரண்டு மார்க் குறைப்பார். "படம் இருக்குது, ஸ்கேல் எங்கடா?" ஸ்கேல் எழுதாமல் வரைகிறவன், ஸ்கேல் கேட்காமல் ஒரு டாக்டருக்குத் தண்டனை கொடுத்திருந்தேன். அனுபவித்தது நைனா.

"அப்ப டாக்டரு?" என்றார் நைனா.

"சரியாத்தான் வெச்சிருக்காரு."

"நீ?"

நாட்குறிப்பை நீட்டினேன். அவரால் குனிந்து பார்க்க முடியாதே என்று கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"செவப்பு மையில வேற எழுதியிருக்க" என்றார்.

அம்மா வார்களை அவிழ்த்தாள். நைனா தாடையை மெல்ல மெல்ல இறக்கித் தன் கால்களைப் பார்த்தார். "நகம் எவ்ளோ வளந்திருக்குது பாரு. இதயும் அளந்து எழுதிக்க."

வகுப்புக்குப் போகாமல் அவர் பின்னாலேயே கோயிலுக்கு நடந்தேன். அவர் ஒவ்வோர் அடியாகத் தரையைப் பார்த்து வைத்தார். நான் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு போனேன். வாசலருகே நின்று, கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்பினார்.

"கீழ பாத்து வாடா. எறும்பு போவுது."