திபுர்சியோவின் முறை

படம் முடிந்து ஜெனரேட்டரை நிறுத்திய பிறகும் திபுர்சியோ திரையில் இருந்தார். வலது கையை உயர்த்தியிருந்தார். அவர் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

படத்தை எடுத்தவள் எங்கள் ஊர்ப் பெண் நசாரியா. கூடைப்பந்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி, எங்கள் அயூக் மொழியில், எங்கள் ஊற்றைப் பற்றிய படத்தைக் காட்டினாள். கடைசிக் காட்சி பழைய ஊர்க்கூட்டம். ஊற்றுநீரை வஹாக்கா நகரத்து பாட்டில் கம்பெனிக்குக் கொடுப்பதென்று முடிவான கூட்டம். மூலையில் திபுர்சியோ கை உயர்த்துகிறார். தலைவர் எலியோதோரோ கூட்டத்தை முடித்துவிடுகிறார். எங்கள் மலையில் ஒரு கை உயர்ந்திருக்கும்வரை கூட்டம் முடியாது. அந்தக் கைக்குரியவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டியவர் கூட்டத்தை நடத்தியவர், வேறு யாருமல்ல.

படத்துக்குப் பிறகு எல்லோரும் பேசலாம் என்று நசாரியா சொல்லியிருந்தாள். பேசினார்கள். "அன்னிக்கு இருட்டிப்போச்சு, கண்ணு தெரியல" என்றார் எலியோதோரோ. "கம்பெனிக்காரன் நீட்டின சாராயம் மட்டும் தெரிஞ்சுதாக்கும்" என்றது பின்வரிசை. திபுர்சியோவின் மனைவி பிலோமெனா எழுந்தாள். "அவருக்குக் கை வலிக்காதா? கூப்பிடுங்கண்ணே." எலியோதோரோ கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அன்று கூட்டம் முடியவில்லை என்றாகும். கம்பெனிப் பத்திரத்தில் அவர் போட்ட கையெழுத்து செல்லாது.

துணியை ஊற்றில் சோப்புப் போட்டுத் துவைத்துப் பார்த்தார்கள். கை இறங்கவில்லை. குழாய்களுடன் லாரிகள் வந்தபோது ஊர் வழியை மறித்தது. கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்றது. கம்பெனி வக்கீல் துணியைப் பார்த்தார், காபி குடித்தார். செத்தவர் பேசப்போவதில்லை, கூப்பிட்டு முடித்துவிடுங்கள் என்று எலியோதோரோவிடம் சொன்னார். பிலோமெனாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் பேசாவிட்டால் ஊற்று போகும், அதை நம்பிய அவள் சோளக்கொல்லையும் போகும். "கூப்பிடட்டும்" என்றாள்.

மறுநாள் காலை ஊர் திடலில் கூடியது. "திபுர்சியோ, சொல்லுப்பா" என்றார் எலியோதோரோ. கை இறங்கியது. பேசப்போகிறவர்கள் எங்கள் ஊரில் செய்வதுபோல் அவர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். பேசவில்லை. மதியமானது. "முடிச்சிடலாமே" என்றார் வக்கீல். எலியோதோரோ வெகுநேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தொப்பியையும் கழற்றினார்.

"இது அவன் பேச்சு, வக்கீலய்யா. அவனா முடிக்கிற வரைக்கும் நான் குறுக்க வர முடியாது."

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. லாரிகள் அன்றே திரும்பிவிட்டன. ஆண்டுதோறும் தலைவர்கள் மாறுகிறார்கள். துணியின் முன் எப்போதும் யாராவது உட்கார்ந்திருக்கிறோம். பேச நினைப்பவரை அவசரப்படுத்துவது எங்கள் வழக்கமில்லை. அவர் எப்போது பேசுவார் என்று வெளியூர்க்காரர்கள் பிலோமெனாவிடம் கேட்பதுண்டு. "என்னைப் பொண்ணு கேக்க வந்தப்பவே விடியவிடிய வாயத் தொறக்காம நின்ன மனுஷன்" என்பாள், சோளம் உரித்தபடி. மழை வந்தால் துணியைப் பள்ளித் தாழ்வாரத்துக்கு மாற்றுகிறோம்.