எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்

நல்ல பெயரின் விலை, வெள்ளிக்கிழமை பதினொரு மணி நிலவரப்படி, ஒரே ஒரு கட்டளை வரி. அந்த வரியை அடித்தவள் நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே, ஏசி நேராக முகத்தில் அடிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தாள்.

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. வீடுகளுக்கு மளிகை அனுப்பும் ஒரு நிறுவனத்தில் பயிற்சியாளராகக் கோடை விடுமுறை முழுவதையும் கழித்தாயிற்று. இன்று கடைசி நாள். பயிற்சியாளர்கள் நான்கு பேர், வேலை ஒன்று.

திங்கட்கிழமை காலை, சோதனைக்காகத் தான் போட்டிருந்த பொய் ஆர்டர்களை அழிக்கப் போனாள். திரையில் ஒரே நிறத்தில் இரண்டு ஜன்னல்கள். ஒன்று சோதனைக் கணினி, மற்றது நிஜம். அழிக்கும் வரியைக் கை நிஜத்தில் அடித்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் ஆர்டர்கள் கண் இமைக்கும் நேரத்தில் காற்றோடு போயின. அங்கே நிஜக் கணினிக்குள் நுழைய எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஆளுக்கொன்று கொடுக்க யாருக்கும் கை வரவில்லை. ஆகவே பதிவில் நேரம் இருந்தது, ஆள் இல்லை. அந்த நேரத்தில் அதில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ஒப்பந்த ஊழியரான சோதனையாளர். நிரலில் பிழை என்னும் பூச்சியைப் பிடிப்பதே தொழில் என்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே 'பூச்சி'. பழி அவர் மேல் விழுந்தது. நான் இல்லை என்றார். காது கொடுக்க ஆளில்லை. மாதக் கடைசியோடு அவருக்கு வாசல் காட்டுவது என்று முடிவாயிற்று. இவள் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் பயம், இரண்டாம் நாள் வெட்கம், மூன்றாம் நாள் பழகிவிட்டது.

நேர்முகத் தேர்வுக்கு யோசனை சொல்லக் கல்லூரியில் சீனியர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருத்தி சொன்னதை இவள் மனப்பாடமே செய்திருந்தாள். "நீங்க பண்ண தப்பு ஒண்ணு சொல்லுங்கன்னு கட்டாயம் கேப்பாங்கடி. மேல பாத்தா தப்பு மாதிரி இருக்கணும், பிரிச்சா பெருமையா இருக்கணும். அப்படி ஒண்ணு ரெடியா வச்சுக்கோ." வைத்திருந்தாள். எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்று நேரத்தை வீணாக்கிவிடுகிறாளாம்.

காபிக் கோப்பையோடு போன பூச்சி நின்றார்.

"என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? உள்ள இருக்கறவரு கடிக்க மாட்டாரு. கடிக்கறது என் வேலை."

சிரித்து வைத்தாள். அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் அடுத்த வாரம் ஒரு எடத்துல இன்டர்வியூ. பழைய எடத்த ஏன் விட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

கதவு திறந்து இவளைக் கூப்பிட்டார்கள்.

முக்கால் மணி நேரம் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. குழுத் தலைவர் எண்களை வரிசைப்படுத்த நிரல் எழுதச் சொன்னார், எழுதினாள். அதன் வேகத்தைக் கூட்டச் சொன்னார், கூட்டினாள். அவர் முகத்தில் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் களை தெரிந்தது. பிறகு பேனாவை மூடிக்கொண்டே, செய்த தப்பு ஒன்றைச் சொல்லச் சொன்னார்.

"எனக்கு எல்லாமே அப்பழுக்கில்லாம..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். "சார், திங்கட்கிழமை பத்து மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு அந்த ஆர்டர்கள அழிச்சது நான்."

அவர் நம்பவில்லை. தன் மடிக்கணினியைத் திருப்பி, அதில் தங்கியிருந்த அந்த வரியைக் காட்டினாள். நேரத்தை இரண்டு முறை படித்தார்.

"நாலு நாளா எங்கம்மா இருந்தீங்க?"

"பூச்சி அண்ணனுக்குப் பக்கத்து சீட்டுல, சார்."

அவர் போனை எடுத்து, சோதனையாளரை உடனே வரச் சொன்னார். மதிப்பெண் தாளை முன்னால் இழுத்துக்கொண்டார். இவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. நிரல், எட்டு. தர்க்கம், ஒன்பது. பேச்சு, ஏழு. கடைசிக் கட்டம் நம்பகம். அதில் பத்து என்று எழுதி, கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு பக்கத்தில் ஒரு கழித்தல் குறி போட்டு, நான்கு என்று எழுதினார். விடையைப் போடவில்லை. கூட்டுத்தொகைக் கட்டத்தின் மேல் பேனா நின்றுகொண்டிருந்தது.