கடைசி லயத்துச் சமையல்

பெரிய சட்டி நிறைய வறுத்த மீகூன் சேமியா பள்ளிக் கண்டீனிலிருந்து அப்படியே திரும்பி வந்திருந்தது. புஷ்பவள்ளி அதை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் நின்றாள். அவள் புருஷன் பாலன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் மேசையில் உட்கார்ந்தபடி சட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னைக்கும் யாரும் தொடலயா?"

"துளசி சாப்பிட்டா."

"நம்ம பிள்ளைய நா கேக்கல."

அவள் ஒரு தட்டை எடுத்து மீகூனை வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள். அவன் தொடவில்லை.

"ஃபேக்டரி வேலைய விடாதன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். நீ என்னா சொன்ன? இப்ப அதெல்லாம் யாருங்க பாக்கறான்னு சொன்ன."

"ரெண்டு பிள்ளைங்களுக்கு வயிறு சரியில்லாம போச்சாம். அதான் கொஞ்ச நாளைக்கு..."

"எவன் வயித்துல என்னா வலின்னு எனக்குத் தெரியாதா?" என்றான் பாலன். குரலை உயர்த்தவில்லை. அறைக்குள் சீருடை மாற்றிக்கொண்டிருந்த துளசிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று நினைத்திருப்பான். ஆனால் துளசி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவர்களுடைய தமிழ்ப்பள்ளி தஞ்சோங் காராங் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருந்தது. தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. சனங்கள் சாலையோரத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். குலை வெட்ட வங்காளதேசத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. முப்பது பிள்ளைகள்கூட இல்லை. எண்ணிக்கை இன்னும் குறைந்தால் வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு வருஷா வருஷம் கிளம்பும்.

பள்ளிச் செய்தியெல்லாம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வரும். பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் மாலாதான் போடுவாள். எந்தச் சனிக்கிழமை எல்லாரும் கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங், பல் பார்க்கும் டாக்டர் எப்போது வருகிறார், உதவித்தொகை வங்கியில் விழுந்துவிட்டதா, எல்லாம் அவள் கையால் வரும். அவளுடைய மாமனார் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவர். பள்ளிக்காக ஓடியாடி உழைக்கிறவள் என்று அவளுக்கு ஊரில் நல்ல பெயர். அது பொய்யும் இல்லை. பள்ளியில் கண்டீன் கட்ட அரசாங்க மானியம் கிடைத்ததே அவள் ஆபீஸ் ஆபீசாக நடந்த நடைக்குத்தான். மானியம் வந்துவிட்டது என்று அவள் செய்தி போட்ட அன்று குழு முழுக்கக் கும்பிடும் கைகள்.

புதுக் கண்டீனுக்குத் தரையில் வெள்ளை ஓடு, மேலே மின்விசிறி, நீள மேசைகள், பெரிய சமையல்கட்டு எல்லாம் வந்தன. எடுத்து நடத்தத்தான் ஆள் வரவில்லை. இத்தனை சின்னப் பள்ளியில் என்ன லாபம் வந்துவிடப்போகிறது? புஷ்பவள்ளி மட்டும் கேட்டாள். கையுறை ஃபேக்டரியில் மாறி மாறி ஷிப்டு பார்த்து அலுத்துப்போனவள். மகள் படிக்கும் இடத்திலேயே வேலை, சமையலும் கைவந்த கலை. தலைமையாசிரியை குமுதா டீச்சருக்கும் சந்தோஷம். ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் இலவசப் பசியாறலையும் அவளே சமைப்பதாக ஏற்பாடு.

முதல் வாரம் பிள்ளைகள் சட்டியைத் துடைத்து வைத்தார்கள். மிளகாய்ச் சம்பல் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டை நீட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு காதுகுத்து விருந்தில் யாரோ யாரையோ கேட்டிருக்கிறார்கள், கண்டீனில் யார் சமைக்கிறது என்று. பாலன் பொண்டாட்டி. எந்தப் பாலன்? கடைசி லயத்துப் பாலன்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. சாக்கடைக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கடைசி லயத்தில் அந்தக் காலத்தில் யாரைக் குடிவைத்தார்கள், சாவு வீட்டுக்குப் பறையடிக்க யாரைக் கூப்பிட்டார்கள், யாருக்கு வாசலோடு தண்ணீர் கொடுத்தார்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். லயத்தை இடித்த இடத்தில் இப்போது செம்பனை வளர்ந்து நிற்கிறது. ஆனால் அந்த வரிசையை ஊர் வாய் இன்னும் இடிக்கவில்லை.

மாலா குழுவில் செய்தி போட்டாள். 'சில பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு. சுத்தம் முக்கியம். கொஞ்ச நாளைக்கு வீட்டிலிருந்தே உணவு கொடுத்து அனுப்புவோம்.' சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குமுதா டீச்சர் அதையும் குழுவில் போட்டார். அதற்கு ஒரு கும்பிடுகூட வரவில்லை. இலவசப் பசியாறல் வாங்கும் பிள்ளைகளுக்கும் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மணியடித்ததும் பிள்ளைகள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்பு சாப்பிட்டுவந்த பழைய கொட்டகைக்கு ஓடினார்கள். புதுக் கண்டீனின் நீள மேசையில் துளசி மட்டும் தன் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சிநேகிதி மோகனா முதல் இரண்டு நாள் தூரத்திலிருந்து கையசைத்தாள். பிறகு அதுவும் இல்லை.

அந்த வார முடிவில் குமுதா டீச்சர் புஷ்பவள்ளியை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கிள்ளானிலிருந்து மாற்றலாகி வந்தவர், நல்ல மனசுக்காரர்.

"உங்க மேல ஒரு கொறையும் இல்ல. அது எனக்கே தெரியும்."

"அப்புறம் என்னா டீச்சர்?"

"மூணு குடும்பம் பிள்ளைங்கள டவுன் ஸ்கூலுக்கு மாத்தப் போறோம்னு சொல்றாங்க. ஏழு பிள்ளைங்க போயிடும். போனா இந்த ஸ்கூல் தாங்காது."

"எதுக்கு மாத்துறாங்களாம்?"

டீச்சர் சன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒரே ஒருவாட்டி வாயத் தொறந்து சொல்லுங்க டீச்சர். காரணம் இன்னதுன்னு. கேட்டுட்டுப் போயிடறேன்."

"இப்பல்லாம் அத யாருமே பேசறதில்ல புஷ்பா."

"பேசறதில்ல. சாப்பிடறதும் இல்ல."

டீச்சருக்குக் கண் கலங்கியது. கலங்கினாலும் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்தார். "நீங்களா விட்டுக் குடுத்துட்டா நல்லாருக்கும். துளசிக்கும் இதுதான ஸ்கூலு."

புஷ்பவள்ளி யோசிக்க நேரம் கேட்கவில்லை. இவர்களுக்காக விடுவதாவது என்று ஒரு நொடி வீம்பு வந்தது உண்மைதான். ஆனால் பள்ளியை மூடிவிட்டால் அந்தப் பழியும் கடைசி லயத்தின் தலையில்தான் விழும் என்பது அவளுக்குத் தெரிந்தது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

ஃபேக்டரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. இரண்டு மாதம் சும்மா கிடந்தாள். பிறகு தஞ்சோங் காராங் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சலாவுதீனின் மனைவி கைருன்னிசா, சந்தையில் அவளைப் பார்த்துச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள். புஷ்பவள்ளி விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போய்க் கடையின் பின்கட்டில் அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் கைக்குக் கைருன்னிசா சீக்கிரமே மயங்கிப்போனாள். "ஒங்க கறிக்கு மசாலா எங்கேருந்து இப்படி எறங்குது?" என்று கேட்டு, பக்கத்திலேயே நின்று பார்ப்பாள்.

ஒருநாள் சலாவுதீன் பின்கட்டுக்கு வந்து தயங்கி நின்றார்.

"தங்கச்சி, அந்தத் தோட்டத்து ஸ்கூல் கண்டீன எடுத்து நடத்தச் சொல்லிக் கேக்கறாங்க. மாலாங்கறவங்க வந்து பேசினாங்க. நம்ம கட சாப்பாடுன்னா எல்லாரும் சாப்பிடுவாங்களாம்."

கரண்டி நின்றது. "சமைக்கறது நாந்தானே பாய்?"

"ஆமா. இங்கேயே சமைச்சு வேன்ல அனுப்பிருவோம்."

"அவுங்களுக்குத் தெரியுமா?"

"கேட்டா நா பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவுங்க கேக்கப் போறதில்ல." அவர் தலையைச் சொறிந்தார். "எங்ககிட்ட அந்தப் பேதமெல்லாம் கெடையாது, ஒங்களுக்கே தெரியும். ஆனா இது யாவாரம். நீங்க மட்டும் வேன்ல போவ வேணாம்."

கைருன்னிசா புருஷனை முறைத்தாள். "இது நல்லாவா இருக்கு?" என்றாள். அவர் முன்பக்கம் போய்விட்டார். புஷ்பவள்ளி அடுப்பைத் தணித்தாள். பிறகு வெங்காயத்தை எடுத்து அரியத் தொடங்கினாள்.

பள்ளிப் பிள்ளைகள் மறுபடி சட்டியைத் துடைத்து வைத்தார்கள். மாலா குழுவில் படம் படமாகப் போட்டாள். 'நம் பிள்ளைகள் இப்போது நிம்மதியாகப் பசியாறுகிறார்கள். சுத்தமான சாப்பாடு.' கும்பிடும் கைகள் திரும்பி வந்தன. டவுனுக்குப் போவதாகச் சொன்ன குடும்பங்கள் போகவில்லை. வருஷக் கடைசியில், வட்டாரத்திலேயே சுத்தமான கண்டீன்களில் ஒன்று என்று பள்ளிக்கு ஒரு பாராட்டுகூடக் கிடைத்தது. குடும்ப தினத்தன்று அதைக் கொண்டாடினார்கள்.

பாலன் வர மறுத்துவிட்டான். துளசி ஓட்டப் பந்தயத்தில் ஓடுவதால் புஷ்பவள்ளி போனாள். கூடாரத்தின் கீழ் சலாவுதீனை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அவர் ஒலிவாங்கியில் இரண்டு வார்த்தை பேசினார். நன்றி என்றார், பிள்ளைகள் வயிறு நிறைந்தால் போதும் என்றார். கூட்டத்தில் அவளைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். கை சும்மா இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்று புஷ்பவள்ளியும் தட்டினாள்.

மத்தியானம் கோழிப் பிரியாணி. விடியுமுன் எழுந்து அவள் தம் போட்ட பிரியாணி. மாலா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தானே பரிமாறினாள். புஷ்பவள்ளியும் துளசியும் வரிசையில் வந்தபோது அவள் முகம் சுருங்கவில்லை. நன்றாகத்தான் சிரித்தாள். பகை என்று அவளுக்கு எதுவும் இருந்ததில்லை. புஷ்பவள்ளியின் தட்டில் தாராளமாக அள்ளி வைத்தாள்.

"சாப்பிட்டுப் பாருங்க புஷ்பா. பாய் கட பிரியாணி. இந்த மாதிரி நம்மளால ஆக்க முடியாதுலா. மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க, சமையல்னா அதுக்குன்னு ஒரு கை வேணும்."

புஷ்பவள்ளி தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். உப்பு ஒரு சிட்டிகை கூடியிருந்தது. தூக்கக் கலக்கத்தில் போட்டது. அதை அப்படியே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. காலையில் அவசரத்தில் நான்தான் போட்டேன், கூடிவிட்டது என்று, வேறொன்றும் வேண்டாம், அது மட்டும். இந்த ஊரில் அவள் சொல்ல ஆசைப்பட்ட ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருந்தது. நிமிர்ந்து மாலாவின் முகத்தைப் பார்த்தாள்.

"மாலா, இந்தப் பிரியாணி..."

"நல்லாருக்கு ஆண்ட்டி," என்றாள் துளசி. அவள் சத்தமாகப் பேசுகிற பிள்ளையே இல்லை. "எங்கம்மாவுக்கு இப்படியெல்லாம் ஆக்கத் தெரியாது. கட சாப்பாடுதான் நல்லாருக்கும்."

மாலா வாய்விட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களா, பிள்ளைக்கே தெரியுது," என்று சொல்லி, துளசியின் தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்தாள்.

திரும்பும் வழியில் வாய்க்கால் ஓரமாக மோட்டாரை நிறுத்தினாள் புஷ்பவள்ளி. இரண்டு பக்கமும் நெல் வயல், அறுவடை முடிந்த தாள். துளசி பின்னால் உட்கார்ந்தே இருந்தாள்.

"ஏன் துளசி அப்படிச் சொன்ன?"

"நீ சொல்லிருவேன்னு தெரிஞ்சிச்சி."

"சொன்னா என்னா? பொய்யா அது?"

"சொன்னா நாளைக்கு யாரும் சாப்பிட மாட்டாங்கம்மா. பாய்க்கும் போயிரும்." அம்மாவின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள். "மோகனா என் பக்கத்துல உக்காந்து சாப்பிடறாம்மா. நாங்க கடைசி லயத்து ஆளுங்க இல்லன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."