சிவப்புப் பேனாவில் ஒரு புதன்கிழமை

1

இந்தக் கதை குப்பையிலிருந்து வந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே குப்பை. நோர்வேயின் அம்மருட்டில் அருட்செல்வம் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில், வருடத்துக்கு இரண்டு தரம் எல்லாரும் சேர்ந்து துப்புரவு செய்யும் நாள் வரும். டுக்னாட் என்பார்கள். முற்றத்தில் பெரிய இரும்புத் தொட்டி ஒன்று வந்து நிற்கும். நிலவறையில் பூட்டி வைத்த சாமான்களை அதில் எறியலாம். அருட்செல்வம் மனைவியின் பழைய சூட்கேசை எறியப் போனார். (எறியுமுன் திறந்து பார்க்கும் வியாதி எழுத்தாளர்களுக்கும் சுங்க அதிகாரிகளுக்கும் மட்டும்தான் உண்டு.)

சூட்கேசின் அடியில் ஒரு லண்டன் பத்திரிகைத் தாள் விரித்திருந்தது. 1987 நவம்பர் நான்கு, புதன்கிழமை. அன்றைய பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், நான்கு சானல்களுக்கும், காலை முதல் நள்ளிரவு வரை.

சில நிகழ்ச்சிகளுக்கு நீலப் பேனாவால் சரி போட்டிருந்தது. சிலவற்றுக்குச் சிவப்பால். பிற்பகல் 2.50-க்குப் போன கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சிவப்புச் சரி, பக்கத்தில் பென்சிலால் சின்னதாக '3.50'.

மனைவி கிருஷ்ணகுமாரி கலியாணத்துக்கு முன் ஒரு வருடம் லண்டனில் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் இருந்தவர். நீலம் அவர் என்றால், சிவப்பு யார்? மூன்று ஐம்பதுக்கு என்ன?

கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. அருட்செல்வம் எழுத்தாளர் ஆயிற்றே. கதை எழுத உட்கார்ந்தார்.

2

முதல் தொடக்கம்: 'மூடுபனி சூழ்ந்த இலண்டன் மாநகரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கண் விழித்தது.' (இவர் லண்டனுக்குப் போனது இரண்டே தரம். இரண்டும் கலியாண வீடு, இரண்டும் ஆகஸ்ட் மாதம், இரண்டிலும் வேர்த்துக் கொட்டியது. மூடுபனியை வெட்டினார்.)

இரண்டாம் தொடக்கம்: 'அவளுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அவன்' (இந்த 'அவன்' வந்ததும் பேனா நின்றுவிட்டது. அடுத்த சொல் மூன்று நாளாக வரவில்லை.)

மூன்றாம் தொடக்கம் நீங்கள் மேலே வாசித்தது. 'நான்' என்று எழுதாமல் 'அருட்செல்வம்' என்று எழுதியதற்குக் காரணம், வீட்டில் கண்டுபிடிக்கக் கூடாது என்பது. அருட்செல்வம்தான் இவருடைய சொந்தப் பெயர் என்பது ஆறாம் பக்கம் எழுதும்போதுதான் உறைத்தது. பிறகு மாற்ற மனம் வரவில்லை.

2 (திரும்பவும்)

அன்றைய நாள் இப்படிப் போயிருக்கிறது. காலையில் குழந்தைகளுக்குப் பாவைகள். ஒரு சமையல், நீலம். மதியம் ஸ்நூக்கர், சிவப்பு. 2.50 படம், சிவப்பு. பிறகு வினாடி வினா, நீலம். மாலையில் வானிலை, சிவப்பு.

வானிலைக்கு எதற்குச் சிவப்பு? கள்ளக் காதலர்கள் சேர்ந்து பார்க்கும் நிகழ்ச்சியா அது?*

* மகள் கம்சிகாவிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னார். "அப்பா, அம்மாட்டைக் கேட்டா ஃபேர்டி, முடிஞ்சுது. ஏன் கிடந்து உத்தரிக்கிறியள்?" என்றாள். நோர்வேயில் பிறந்த பிள்ளைகளுக்குக் கதை என்றால் என்னவென்று விளங்காது.

3

சிவப்புக்காரனுக்குப் பிரசாந்தன் என்று பெயர் வைத்தார். மீசை வைத்தார். கார் கொடுத்தார். கொடுத்தபின் வயிறு எரிந்தது. இரண்டாம் வரைவில் காரைப் பறித்தார். மூன்றாம் வரைவில் தலையில் வழுக்கை போட்டார். நாலாவதில் பிரசாந்தன் முழு முடியோடு வந்து சோபாவில் குமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பாத்திரத்துக்கு உயிர் வந்துவிட்டால் அது எழுத்தாளன் சொல் கேட்காது என்று இலக்கியக் கூட்டங்களில் இவர் முழங்கியிருக்கிறார். (பார்வையாளர் பன்னிரண்டு பேர், வடை முடியும் வரை.) அனுபவத்தில் அது நரகம்.

நேராகச் சொன்னால், அருட்செல்வத்துக்குப் பயம். கலியாணம் கட்டி முப்பத்தேழு வருடம். குமாரியின் மனதுக்குப் பிடித்தவன் அந்தச் சிவப்புக்காரன், தான் வெறுமனே வந்து வாய்த்தவன் என்று தெரிந்துவிட்டால் மிச்ச வயதை எப்படிக் கழிப்பது?

5

(நாலாம் பகுதியில் மூன்று முடிவுகள் இருந்தன. மூன்றிலும் பிரசாந்தன் செத்துப்போனதால் முழுப் பகுதியையும் நீக்கியாயிற்று.)

இன்று புதன்கிழமை. மதியம் கடைக்குப் போகும்போது அருட்செல்வம் வரைவைச் சமையலறை மேசையில் 'மறந்து' வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கிருஷ்ணகுமாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருந்தார்.

"மீசை நல்ல வடிவாய் வைச்சிருக்கிறியள்," என்றார்.

"அது கற்பனை."

"நீலம் நான் தனியப் பாத்தது. சிவப்பு நீங்களும் பாத்தது."

"நான் எங்கை பாத்தனான்? நான் இஞ்சையெல்லோ இருந்தனான்."

"இஞ்சையிருந்துதான். 'லண்டன் டிவியிலை போறதெல்லாம் இஞ்சையும் போகுது, புதன்கிழமை எனக்கு லீவு, உம்மோடை சேந்து பாக்கிறன்' எண்டு கடிதம் போட்டது ஆர்? மூண்டு ஐம்பது உங்கடை நேரம். ஒரு மணித்தியாலம் கூட்டி எழுதி வைச்சனான்."

அருட்செல்வம் பால் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். நினைவு வந்தது. 1987-இல் இவர் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். மூன்று பேரோடு ஓர் அறை. டிவி கிடையாது. அந்தக் காலத்தில் நோர்வேக்கே ஒரு சானல்தான், அதுவும் அநேகமாகப் பின்னேரம்தான் விழிக்கும். படம் மாற்றிச் சம்பந்தம் பேசி முடித்த பெண், நான்கு சானல் உள்ள ஊரிலிருந்து ஆசையாக எழுதுகிறாள். இளக்காரமாகப் போய்விடக் கூடாதே என்று அளந்துவிட்டார்.

"வானிலைக்கு?"

"'உம்மடை பக்கம் மழையெண்டு டிவியிலை சொன்னவங்கள், குடை கொண்டு போம்' எண்டு எழுதுவியள். கடிதம் வர நாலு நாள். எந்த நாள் மழை எண்டு தெரியாமல் நான் ஒவ்வொரு நாளும் கொண்டு போனனான்."

"அப்ப இஞ்சை வந்த பிறகுதான் பொய்யெண்டு தெரிஞ்சுதோ?"

"இல்லை. அந்தப் படத்தோடையே தெரியும். பாத்தனீங்களோ எண்டு கேட்டன். கடைசியிலை அவள் அவனட்டைத் திரும்பி வந்தது நல்லாயிருந்தது எண்டு எழுதினியள்." குமாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "படத்திலை அவள் திரும்பி வரேல்லை."

"தெரிஞ்சும் நீர் ஒண்டும் கேக்கேல்லை."

"நீங்கள் சிவப்பைப் பற்றிக் கேட்டனீங்களே? அவள் வரேல்லை. நான் வந்தனான்."

6

கூச்சமாக இருக்கிறது. ஐந்து புத்தகம் போட்டவர். முதல் கற்பனையை எழுதியது ஒரு விமானத் தபாலில், வாசகி ஒரே ஒருத்தி. அவள் முதல் பிழையைக் கண்டுபிடித்தாள், வாயைத் திறக்கவில்லை, குடையை எடுத்துக்கொண்டாள், விமானம் ஏறினாள். அந்த மாதிரி ஒரு வாசகர் அதற்குப் பிறகு இவருக்கு வாய்க்கவில்லை. (நீங்கள் குறை நினைக்க வேண்டாம்.)

பொய் என்று தெரிந்தும் ஏன் வந்தீர் என்று இப்போதுதான் கேட்டார். இதை எழுதிக்கொண்டே, அறை வாசலைப் பார்த்துக் கேட்டார்.

"படம் முடியட்டும், சொல்லுறன்," என்றார் குமாரி வரவேற்பறையிலிருந்து. கம்சிகா அந்தப் படத்தை இணையத்தில் தேடி அனுப்பியிருக்கிறாளாம். (அவளிடம் சொன்ன இரகசியம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.) டிவி போட்டாயிற்று. குமாரி சோபாவில் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் கதையின் கடைசி வாக்கியத்தை இவர் நேற்றே யோசித்து வைத்திருந்தார். நல்ல வாக்கியம். 'அவள் அவனிடம் வந்ததற்குக் காரணம்

மணி மூன்று நாற்பத்தொன்பது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அது. அருட்செல்வத்தைக் கூப்பிடுகிறார்கள். முப்பத்தெட்டு வருடம் பிந்திவிட்டது, இதற்கு மேலும் குமாரியைத் தனியே பார்க்க விடக் கூடாது.